இரண்டு கல்வெட்டு

எங்கள் கரிசல் பக்கத்தில் கல்வர்ட்டுக்கும் கல்வெட்டுக்கும் பேர் ஒன்றுதான். ரோட்டுக்குக் குறுக்கே ஓடைத் தண்ணீர் போவதற்காகப் போடுகிற குழாய்ப் பாலமும் கல்வெட்டு. அந்தப் பாலத்தைத் திறந்து வைத்தவரின் பேரைப் பொறித்து ஓரத்தில் நடுகிற கல்லும் கல்வெட்டு. "கல்வெட்டுக்கிட்ட நில்லு, வந்துருதேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கல்வெட்டு என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. ரெண்டும் பத்தடிக்குள்தான் இருக்கும்.

இடைசெவல் பக்கம், நாலுவழிச் சாலையிலிருந்து பிரிந்து புஞ்சைக் காட்டுக்குள் போகிற இணைப்புச் சாலை ஒன்றில் இப்போது ஒரு கல்வெட்டுதான் நிற்கிறது. எது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நிற்பது கருப்புக் கிரானைட். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பொன் நிற எழுத்தில் பதினோரு பேர்; அதில் ஏழு பேருக்கு முன்னால் 'மாண்புமிகு' அல்லது 'உயர்திரு'. மழை, வெயில், ஆடு உரசல் எதற்கும் அசையவில்லை. ஒரு பொறியியல் கட்டுமானம் எப்படி இருக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் பஸ் வைத்து இங்கே கூட்டி வரலாம்.

கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கல்லை நட்டபோது நான் பக்கத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் குழி தோண்டினார்கள். கரிசலை ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல் அள்ளி வெளியே போட்டார்கள். அடியில் சரள் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் குத்தினார்கள். மறுபடி சரள், மறுபடி குத்து. அதன் மேல் ஜல்லிக் கலவை. ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் மேடை கட்டி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்துத்தான் கல்லை நிறுத்தினார்கள். கொத்தனாரிடம், "இவ்வளவு எதுக்குண்ணே, ஒரு கல்லுதானே?" என்று கேட்டேன். "அண்ணாச்சி, இது கரிசலு. மழை பேஞ்சா ஊதும், வெயிலடிச்சா சுருங்கும். அப்படியே நட்டா ஐப்பசியில அமைச்சர் பேரு சாஞ்சிரும். அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்றார்.

தெரிகிறது பாருங்கள். கரிசல் ஊதும் என்பது தெரிகிறது. அதன் மேல் நேராக எதையும் வைக்கக் கூடாது என்பது தெரிகிறது. அதற்கு என்ன வைத்தியம் என்பதும் தெரிகிறது. பொறியியல் அறிவு நம்மிடம் இல்லை என்று இனிமேல் எவனாவது சொன்னால், அவனை அந்தக் கிரானைட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.

பத்தடி தள்ளி, குழாய் பதித்ததும் அதே வாரத்தில்தான். காலையில் பதினொரு மணிக்கு ஜே.சி.பி. வந்தது. ரோட்டைக் குறுக்கே கிழித்தது. அடியில் கரிசல் வெடிப்பு விட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அந்த வாய் மேலேயே சிமெண்ட் குழாய்களை உருட்டி விட்டார்கள். மூட்டில் காலர் மாட்டி, சுற்றிலும் ரெண்டு சட்டி கலவை அப்பினார்கள். தோண்டிய அதே கரிசலைக் கட்டி கட்டியாகத் தள்ளி மூடினார்கள். ஜே.சி.பி.யே முன்னும் பின்னும் நாலு தடவை ஓடியது. அதற்குப் பேர் கெட்டிப்படுத்துதல். சாயங்காலம் நாலு மணிக்கு டீ வந்தபோது வேலை முடிந்திருந்தது. கல்லுக்கு ரெண்டு நாள், குழாய்க்கு அரை நாள்.

ஐப்பசி வந்தது.

பெரிய மழை ஒன்றும் இல்லை. மானாவாரிக்காரன் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற அளவுக்கு ரெண்டு நாள் பெய்தது. கரிசல் குடித்தது, ஊதியது, ஒரு பக்கம் குழாயைத் தூக்கியது, நடுவில் விட்டுவிட்டது. காலர் வாய் திறந்தது. குழாய்க்குள் போக வேண்டிய தண்ணீர் குழாய்க்கு வெளியே வழி கண்டுபிடித்தது. அப்புறம் மண்ணைத் தின்பது அதன் வேலை. மூன்றாம் நாள் காலையில் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டரின் பின் சக்கரம் ரோட்டுக்குள் இறங்கியது. குழாய் நாலு துண்டு. ரோட்டுக்கு மேல்பக்கத்துப் புஞ்சை கண்மாயாகி, பூ விட்ட உளுந்து நாலு நாள் தண்ணீரில் நின்று வேர் அழுகியது. கீழ்ப்பக்கத்துப் புஞ்சைக்கு வழக்கமாக வரும் ஓடைத் தண்ணீர் வரவே இல்லை. ஒரே மழையில் ஒருவனை வெள்ளத்தாலும் இன்னொருவனை வறட்சியாலும் கெடுக்க முடியும் என்று நிரூபித்த சாதனை, உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா, தெரியவில்லை.

பெரியப்பா வந்து பார்த்தார். எண்பது தாண்டியவர். பள்ளத்தில் இறங்கி, உடைந்த குழாயின் விளிம்பில் விரலை அடுக்கி வைத்தார்.

"மூணு விரக்கடை இருக்குலே. எத்தனை இருக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். சிமெண்ட் குழாய்க்கு ஐ.எஸ். 458 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் என்.பி.1 முதல் என்.பி.4 வரை நாலு ரகம். என்.பி. என்றால் 'நான் பிரஷர்', உள்ளே அழுத்தம் இல்லாமல் தண்ணீர் ஓடுகிற குழாய். என்.பி.2 லேசான வண்டி போகிற இடத்துக்கு. என்.பி.3 நடுத்தரப் போக்குவரத்துக்கு. என்.பி.4 கனரக வண்டிகளுக்கு. ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் என்.பி.2-க்குச் சுவர் கனம் 60 மில்லிமீட்டர், என்.பி.3-க்கு 115. விரல்கடையில் சொன்னால் மூன்றும் ஆறும். குழாயைப் படுக்க வைத்து மேலிருந்து அமுக்கி, கால் மில்லிமீட்டர் விரிசல் விழுவதற்கு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கால் மில்லிமீட்டர்! எங்கள் குழாயில் என் கையே போகிறது.

எஸ்டிமேட்டில் எழுதியிருந்தது என்.பி.3. உடைந்த துண்டின் மேலேயும் 'என்.பி.3' என்றுதான் இருந்தது, சிவப்புப் பெயிண்டில், பிரஷ்ஷால் எழுதி. எழுத்து என்.பி.3, உடம்பு என்.பி.2. எழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த மூன்று விரல்கடை சிமெண்டும் கம்பியும் எந்த ஊரில் யார் வீட்டு மாடியாக எழும்பியிருக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குழாய் உடைந்த பிறகுதான் 'பொருத்தமான குழாயைத் தேர்வு செய்வது' என்ற பெரும் விவாதம் ஆரம்பமானது. கூட்டம் போட்டார்கள். முந்திரிப் பருப்பு வந்தது. வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரப் புத்தகங்கள் வந்தன. எனக்கு அது ஒரு கல்யாணத் தரகர் வீடு மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு குழாயும் ஒரு வரன்.

சிமெண்ட் மாப்பிள்ளை பழங்குடும்பம். 1910-ல் ஆஸ்திரேலியாவில் வால்ட்டர் ஹ்யூம் என்பவர் கண்டுபிடித்த வம்சம். அதனால்தான் இன்றைக்கும் ஹ்யூம் பைப். கம்பிக் கூட்டைச் சுற்றிக் கலவையைப் போட்டு அச்சோடு வேகமாகச் சுழற்ற, கலவை சுவரோடு சுவராக இறுகி, தண்ணீர் உள்பக்கமாக வழிந்துவிடும். கனமான ஆள். வளைந்து கொடுக்க மாட்டான். பாரத்தைத் தன் தோளிலேயே தாங்குவான், பக்கத்து மண்ணின் தயவு அதிகம் வேண்டாம். ஆனால் படுக்கை சமமாக இருக்க வேண்டும். முதுகுக்கு அடியில் ஒரு இடம் மேடும் ஒரு இடம் பள்ளமுமாக இருந்தால் முறிவான். இரண்டரை மீட்டருக்கு ஒரு மூட்டு. மூட்டுதான் அவன் பலவீனம். மண்ணில் சல்பேட் உப்பு இருந்தால் சாதாரண சிமெண்டை அது மெல்ல மெல்ல அரிக்கும். அதற்கென்று தனி சிமெண்ட் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

பிளாஸ்டிக் மாப்பிள்ளை புதுப் பணக்காரன். கருப்பு நிறம், வெளியே வரிவரியாய் மடிப்பு, உள்ளே வழவழவென்று. ஐ.எஸ். 16098 என்று ஜாதகம், எஸ்.என்.8 என்று விறைப்பு. சிமெண்ட் மாப்பிள்ளையைவிட எடை குறைவு. துருப்பிடிக்காது, உப்பு அரிக்காது, மூட்டு குறைவு. நல்ல வரன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் வீட்டோடு மாப்பிள்ளை. அவனுக்கென்று சொந்தப் பலம் பாதிதான். மீதி, பக்கத்து மண் ரெண்டு புறமும் அணைத்துப் பிடிப்பதால் வருவது. மேலே பாரம் விழுந்தால் லேசாக நசுங்கி, பக்கவாட்டில் மண்ணைத் தள்ளி, அதன் முதுகில் சாய்ந்துகொள்வான். வட்டம் நூற்றுக்கு அஞ்சு பங்குக்கு மேல் நசுங்கக் கூடாது என்பது கணக்கு. கரிசலில் அந்தப் பக்கத்து மண் என்ன செய்யும்? சித்திரையில் சுருங்கி நாலு விரல் ஒதுங்கி நிற்கும். ஐப்பசியில் ஊதி விலாவில் குத்தும். மாமனார் வீட்டை நம்பி வந்தவனுக்கு மாமனார் ஆறு மாசம் வெளியூர், ஆறு மாசம் கழுத்தைப் பிடிக்கிறார். சுற்றிலும் மணலோ பொடி ஜல்லியோ போட்டு அடுக்கடுக்காகக் கெட்டித்தால் ஒழிய அவன் பிழைக்க மாட்டான். போதாததற்கு, சரியாக மூடுமுன் மழை வந்து பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மிதப்பான். பங்குனி சித்திரையில் ரோட்டோரக் காய்ந்த புல்லுக்கு யாராவது பீடி நெருப்பைக் காட்டினால் வாய்ப்பக்கம் உருகி மூடிக்கொள்வான்.

நெளித் தகட்டு இரும்பு மாப்பிள்ளையும் ஒருவன் வந்தான். தூத்துக்குடி உப்புக் காற்று என்று யாரோ சொன்னதும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மீதி ரெண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தார்கள். விலைப் பொருத்தம், கமிஷன் பொருத்தம், காண்ட்ராக்டர் பொருத்தம், காண்ட்ராக்டரின் மச்சான் வைத்திருக்கும் ஏஜென்சிப் பொருத்தம், மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவழிக்கிற பொருத்தம். பத்துக்குப் பத்து. பொண்ணு யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பொண்ணு கரிசல் மண். கூட்டம் நடந்த கட்டிடத்துக்கு வெளியே, படியோரத்தில், செருப்பில் அப்பிக்கொண்டு வந்து காய்ந்து கிடந்தாள்.

கேட்பதற்கு எவ்வளவு ஆகும்? நான் கேட்டுப் பார்த்தேன். சோதனையின் பேர் ஐ.எஸ். 2720, பகுதி 40. பேரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். மண்ணைக் காயவைத்து, நுணுக்கி, நைசாகச் சலித்து, பத்து பத்து கிராமாக ரெண்டு கண்ணாடி அளவு ஜாடியில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். கலக்கி ஒரு நாள் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது, தண்ணீரில் ஊதும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், மண்ணெண்ணெய் ஜாடியின் அளவில் நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் ஊது அளவு. பள்ளிக்கூடத்தில் படிக்கிற மருமகன் ரெண்டு ஜாடி இரவல் வாங்கி வந்தான். அடுப்படித் திண்டில் வைத்தோம். மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் ஜாடியில் மண் அடியில் அடங்கிக் கிடந்தது. தண்ணீர் ஜாடியில் ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரத்துக்கு ஏறி, தொட்டால் ஊத்தப்ப மாவு மாதிரி தளதளவென்று இருந்தது. என் மனைவி, "இதுக்குள்ளயா குழாய வச்சாங்க?" என்று கேட்டாள். அவள் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்ததில்லை. மொத்தச் செலவு, அரை டம்ளர் மண்ணெண்ணெய்.

ஊது அளவு நூற்றுக்கு அம்பதைத் தாண்டினால் அந்த மண்ணைச் சாலைக் கரைக்கு நிரப்பவே கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர்.கே. கட்டி, கரிசலின் ஊதலை எப்படி அடக்குவது என்று ஆயுளையே செலவழித்து ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்: ஊதாத, ஆனால் ஒட்டுந்தன்மையுள்ள மண்ணைக் கரிசலுக்கு மேல் ஒரு மெத்தையாகப் பரப்பிக் கெட்டி செய்துவிட்டால், கீழே உள்ளவள் அடங்கி இருப்பாள். கரிசலில் வெட்டுகிற கால்வாய்களுக்கு அது தரநிலையாகவே ஆகிவிட்டது. சிறு பாலங்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் கையேடு எஸ்.பி. 13, குழாய்க்கு மேல் எவ்வளவு மண் மூடினால் எந்த மாதிரிப் படுக்கை போட வேண்டும் என்று படம் வரைந்தே காட்டுகிறது. மேலே குறைந்தது 60 சென்டிமீட்டர் மண் மெத்தை வேண்டும். எங்கள் குழாய்க்கு மேல் இருந்தது ஒரு முழம். அதிலும் கால் பங்கு தார்.

எழுதி வைக்காதது எதுவும் இல்லை. குழாய் சிமெண்டா பிளாஸ்டிக்கா என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடியில் என்ன போடுகிறாய்? சரியான படுக்கையில் ரெண்டு மாப்பிள்ளையும் குடும்பம் நடத்துவார்கள். படுக்கை இல்லாவிட்டால் தங்கக் குழாயைக் கொண்டுவந்து வைத்தாலும் கரிசல் முறித்துப் போடும்.

ஏன் போடுவதில்லை? இதைச் சொல்ல வேதாந்தம் தேவையில்லை. மேலே திருடினால் மறுநாளே தெரிந்துவிடும். தார் கனம் குறைந்தால் எங்கள் ஊர்ப் பொடியன் பெருவிரலால் பேர்த்து எடுத்து வீடியோ போட்டுவிடுகிறான். அடியில் திருடினால் ஐப்பசி வரைக்கும் தெரியாது. ஐப்பசிக்குள் பில் பாஸாகியிருக்கும். அதனால் திருட்டு பூமிக்கு அடியில் குடிபோய்விட்டது. பதினைந்து சென்டிமீட்டர் மணல் படுக்கை போட்டதாக அளவுப் புத்தகத்தில் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்த மணலை எந்த லாரியும் ஏற்றவில்லை, எந்த மேஸ்திரியும் பரப்பவில்லை. பேனா முனையிலிருந்து நேரே பள்ளத்துக்குள் இறங்கிய மணல் அது. தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நம் முன்னோர் சலுகை கொடுத்துப் போனார்கள். இவர்கள் தேனைக் குடித்து, அடையைத் தின்று, ஈயைப் பிடித்து வறுத்துவிட்டு, கையை எங்கள் வேட்டியில் துடைக்கிறார்கள்.

1998-லேயே தமிழ்நாட்டில் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளிப்படையாகத்தான் நடக்கிறது, நான் குறை சொல்லவில்லை. எத்தனை பெர்சன்ட் யாருக்கு என்பது டீக்கடையில் வடை தட்டுகிறவருக்குக்கூட வெளிப்படையாகத் தெரிகிறது.

தகவல் உரிமைச் சட்டத்திலும் போய்ப் பார்த்தேன். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வரம் உண்டு: பிரிவு 2(ஒ)-யோ என்னவோ, ஆங்கில எழுத்தில் ஜே. அதன்படி ஒரு குடிமகன் அரசு வேலையை நேரில் பார்வையிடலாம், அதில் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கலாம். பத்து ரூபாய் கட்டி, 'மேற்படி குழாய்க்கு அடியில் போடப்பட்ட மணல் படுக்கையிலிருந்து ஒரு கிலோ மாதிரி வழங்கும்படி' பணிவுடன் கேட்டேன். முப்பது நாள் முடிகிற அன்றைக்குப் பதில் வந்தது. மேற்படி படுக்கை மேற்படி குழாய்க்கு அடியில் இருப்பதால், மாதிரி எடுக்க வேண்டுமானால் சாலையைத் தோண்ட வேண்டும் என்றும், அவ்வாறு தோண்டுவது பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதாகும் என்றும், எனவே இயலாது என்றும் எழுதியிருந்தது. அந்த நேரத்தில் சாலை ஏற்கனவே தோண்டாமலே திறந்து கிடந்தது. நான் ஒரு கிலோ அள்ளி வந்து வைத்திருக்கிறேன். சுத்தமான கரிசல். சான்றிட ஆள்தான் இல்லை.

நேரில் போய்க் கேட்டபோது ஓர் அதிகாரி சொன்னார், "எதிர்பாராத மழைங்க." எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தை எந்த அலுவலகத்திலும் கேட்கலாம்.

எதிர்பாராத மழை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் ஐயா. 2023 டிசம்பர் 17-ம் தேதி ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. 18 காலையில் அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் கோவில்பட்டியில் 53. ஒரு வருஷத்து மழையின் பெரும்பங்கு ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போய், செந்தூர் எக்ஸ்பிரசில் வந்தவர்கள் நடுவழியில் வெள்ளத்துக்குள் தவித்தார்கள். அந்த மழையில் ஒரு குழாய் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு மழையை வைத்துக்கொண்டு அடுத்த அம்பது வருஷத்துத் தூறலுக்கெல்லாம் ஜாமீன் வாங்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணை மேல் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் போனபோதும், ஏறக்குறைய 16 கோடி ரூபாய்ப் பாலம், எதிர்பார்த்ததைவிட அதிக வெள்ளம் என்றுதான் சொன்னார்கள். சாத்தனூர் அணை அன்றைக்குத் திறந்துவிட்ட தண்ணீருக்கு அந்த விளக்கம் பொருந்தலாம். எங்கள் உளுந்துக்குப் பெய்த ரெண்டு நாள் மழைக்குப் பொருந்துமா?

மழைக்குப் பள்ளிக்கூடம் ஒதுங்கி, பாடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட எழுத்தாளர் கி. ராஜநாராயணன், எங்கள் கி.ரா., பிறந்த ஊர் இடைசெவல். அவரும் கு. அழகிரிசாமியும் ஒரே தெருப்புழுதியில் வளர்ந்தவர்கள். எங்களுக்குச் சாலை போடுகிறவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறார்கள், மழையைத்தான் பார்க்கவில்லை.

பெரியப்பாவைப் போன வருஷம் கீழடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அருங்காட்சியகத்தில் மற்றவர்கள் தங்கத்தையும் பானை எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சுடுமண் குழாயின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். 2019 அகழாய்வில் கிடைத்தவை. ஒன்றோடு ஒன்று பொருத்திய உருளைக் குழாய்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல். வெறும் களிமண், சூளையில் வெந்தது. "மூட்டு விலகலையே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அருப்புக்கோட்டை தாண்டித்தான் வாயைத் திறந்தார். "அவனுக்கு கமிஷன் கெடையாது போல."

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கும் திருடன் இருந்திருப்பான். ஆனால் தான் பதித்த குழாய்க்குப் பக்கத்திலேயே அவன் குடியிருந்தான். அடைத்தால் அவன் முற்றத்தில்தான் நாறும். எங்கள் குழாயைத் தேர்ந்தெடுத்தவர் மதுரையில் இருக்கிறார். ஒப்புதல் கொடுத்தவர் சென்னையில். பதித்த சப்-காண்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். உளுந்து மட்டும் இங்கேயே இருந்தது.

போன வாரம் மறுபடி வேலை ஆரம்பித்தது. இந்தத் தடவை பிளாஸ்டிக் குழாய். புது டெண்டர், புது எஸ்டிமேட், புது காண்ட்ராக்டர். மேஸ்திரி மட்டும் பழைய ஆள். ரோட்டோரத்தில் கருகருவென்று அடுக்கியிருந்தார்கள். பொடியன்கள் உள்ளே புகுந்து கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் ஏற்கனவே ஒரு குழாயைத் தேர்வு செய்து குட்டி போட்டிருந்தது. அதற்கு டெண்டர் தேவைப்படவில்லை. அடியில் சாக்கு இருக்கிற குழாயாகப் பார்த்துப் படுத்திருந்தது.

பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். மேஸ்திரி தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"தாத்தா, இதுல விரக்கடையெல்லாம் வைக்காதீங்க. இது அந்த மாதிரி இல்ல. எஸ்.என். எட்டு. யானை ஏறினாலும் தாங்கும்."

"தாங்கட்டும்யா. அடியில என்ன போடப் போற?"

"அடியிலயா?" மேஸ்திரி பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "அதான் மண்ணு சும்மா கெடக்குல்ல."

அப்போதுதான் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லர் நிறையச் சிவந்த சரள். நல்ல சரள், கையில் அள்ளினால் களி ஒட்டாத சரள். பெரியப்பா ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு வந்திருக்கு?"

"கல்வெட்டுக்குத் தாத்தா."

"ம். அப்படிச் சொல்லு. பள்ளத்துல கொட்டச் சொல்லு, நான் நிக்கேன்."

மேஸ்திரி சிரித்தார். டிராக்டர்காரரைப் பார்த்து இந்தப் பக்கம் இல்லை என்று கையை ஆட்டி, ரோட்டோரத்தைக் காட்டினார். அங்கே பழைய கிரானைட்டுக்குப் பக்கத்தில் ரெண்டு பேர் புதிதாகச் சதுரக் குழி ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். கரிசலை ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல் அள்ளி வெளியே போட்டிருந்தார்கள். குழி விளிம்பில் திமிசுக்கட்டையும் ரசமட்டமும் இருந்தன.